அரக்குப் புடவையும் ஒன்பது நொடியும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு உள்ளே போய் பெஞ்சில் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதை நான் அடக்கமாகச் சொல்வதில்லை. ஆரணியில் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் களம்பூர் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவேன். பி.எஸ்சி. இயற்பியல். அதற்கு மேல் ட்ரோன் ஓட்டும் பைலட் சான்றிதழ், அரசாங்க முத்திரையோடு. அந்தச் சான்றிதழை அப்பா கண்ணாடி போட்டு, தறி இருக்கும் அறையில் சாமி படங்களுக்கு நடுவில் மாட்டினார். அம்மா காலையில் தறியில் உட்காருவதற்கு முன் எல்லாப் படங்களுக்கும் பொட்டு வைப்பாள். முருகனுக்கு ஒன்று, ரேணுகாம்பாளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரே வருடத்தில் சான்றிதழில் இருந்த என் போட்டோவில் மூக்குக்கு மேலே எதுவும் தெரியாமல் போய்விட்டது.

என் ட்ரோன் கல்யாணத்தில் போட்டோ எடுக்கிற சின்ன வகை இல்லை. பயிருக்கு மருந்தடிக்கிறது. ஆறு கை, அடியில் பத்து லிட்டர் டேங்க். கிளம்பினால் தெருவில் இருக்கிற கிரைண்டர் எல்லாம் ஒன்றாக ஓடுவதுபோல் சத்தம் வரும். சந்தவாசல் பக்கம் நெல்லுக்கும் படவேட்டில் வாழைக்கும் அடித்துக் கொடுப்பேன். முதுகில் டேங்க் கட்டிக்கொண்டு அரை நாள் நடக்கிற வேலை, டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். "மருந்தடிக்கிற பொண்ணு வந்துகினு இருக்குது" என்று வரப்பில் யாராவது சொன்னால், நான் நடையை மாற்றிக்கொள்வேன். கொஞ்சம் நிமிர்ந்து, கொஞ்சம் மெதுவாக. பைலட் நடக்கிற மாதிரி.

பயிற்சியில் ஒன்று அடித்துச் சொல்லியிருந்தார்கள். ட்ரோன் ஓட்டுகிறவர் கண் ட்ரோனில் இருக்கும், அதனால் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க இன்னொரு ஆள் வேண்டும். அப்சர்வர். அந்த வேலைக்கு நான் அம்மாவை நியமித்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் தறிப் பாவில் நீளவாக்கில் ஓடுகிற ஆயிரக்கணக்கான இழையில் ஒன்று அறுந்தால், சமையலறையில் இருந்தபடியே "வலது கைப் பக்கம் பாரு" என்பாள். அந்தக் கண்ணைச் சும்மா விடுவதா? புடவைக்கு மேல் பளபளக்கிற பச்சை ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வரப்பில் நின்று, இடுப்பில் கை வைத்து வானத்தை மிரட்டுவாள்.

ஒரே தொல்லை, எது பறந்தாலும் சொல்லிவிடுவாள்.

"பாப்பா, கொக்கு."

"சரிம்மா."

"ரெண்டு கொக்கு. பின்னால ஒரு நொண்டிக் காக்கா."

"ம்மா, பெருசா எதனா வந்தா மட்டும் சொல்லு."

"பெருசுன்னா எத்த சொல்ற? பருந்து பெருசா, சின்னதா?"

இரண்டு வருடம் இப்படித்தான் போனது. கொக்கு, காக்கா, பருந்து, ஒரு தடவை அறுந்த பட்டம். விமானம் வரவே இல்லை.

அப்புறம் களம்பூர் அரிசி மில்லுக்காரர் வந்தார். மகனுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையை எங்கள் வீட்டில்தான் நெய்யக் கொடுத்திருந்தார். அம்மா நெய்தது: உடல் அரக்குச் சிவப்பு, பார்டர் கடுகு மஞ்சள், முந்தானை முழுக்க ஜரிகையில் அன்னப்பட்சி. தறியிலிருந்து அறுத்து மடித்த அன்று தெருவில் நாலு வீட்டுப் பெண்கள் வந்து தொடாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். மில்லுக்காரர் அதைப் பிரித்துப் பார்த்தார், தலையாட்டினார், பிறகு மூலையில் துணி போர்த்தி வைத்திருந்த ட்ரோனைப் பார்த்தார்.

"இது இன்னாம்மா?"

சொன்னேன். அவர் புடவையைப் பார்த்தார். ட்ரோனைப் பார்த்தார். மறுபடி புடவையைப் பார்த்தார். ஒரு மனிதருக்கு யோசனை வருவதை அன்றுதான் நேரில் பார்த்தேன். காது வரை வந்தது.

"இத்த மேலேர்ந்து இறக்க முடியுமா? ஆகாசத்திலேர்ந்து? பொண்ணு வூட்டுக்காரங்க வாய் பொளக்கணும்."

முடியாது என்றுதான் சொல்லியிருக்க வேண்டும். அது மருந்தடிக்கிற மெஷின். ஆனால் வாய் பிளப்பதில் எனக்கும் ஆசை இருந்தது. "டேங்கைக் கழட்டினா பத்து கிலோ தூக்கும், பெரியப்பா. புடவை ஒரு கிலோகூட இல்ல" என்றேன். அம்மா உள்ளேயிருந்து, "முந்தானை வெளியில தெரியற மாதிரி தொங்கணும்" என்றாள். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது.

கல்யாணம் பெண்ணின் ஊரில். அந்த ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன விமான நிலையம் இருக்கிறது. பயணிகள் விமானம் வராது. விமானம் ஓட்டப் படிக்கிறவர்கள் குட்டி விமானங்களில் பழகுவார்கள். நான் வரைபடத்தில் பார்க்காமல் போகிறவள் இல்லை. ட்ரோன் எங்கே பறக்கலாம், எங்கே கூடாது என்று அரசாங்கமே வண்ணம் பூசி வைத்திருக்கிறது. கல்யாண மண்டபம் விமான நிலையச் சுவரிலிருந்து எட்டு கிலோமீட்டருக்கு வெளியே, கொஞ்சமே கொஞ்சம் வெளியே இருந்தது. அங்கே அறுபது மீட்டர் வரை போகலாம். நான் ஐம்பதோடு நிறுத்துவது என்று முடிவு செய்தேன். அப்பா, அம்மா, மில்லுக்காரர் மூவரையும் உட்கார வைத்து வரைபடத்தை விளக்கினேன். மூவரும் என் விரலையே பார்த்தார்கள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

கல்யாணத்தன்று காலை மண்டப வாசலில் கயிறு கட்டி, உள்ளே யாரும் வராத இடத்தில் கம்பளம் விரித்திருந்தார்கள். பக்கத்திலேயே ஒரு கழனி. நடவுக்காக முந்தின நாள்தான் சேடை ஓட்டியிருந்தார்கள். குழைத்த சேறு, அதன் மேல் கணுக்கால் அளவு தண்ணீர். ஜனங்கள் தலைக்கு மேல் ஓட்டக் கூடாது என்பதால், ட்ரோனைக் கழனிக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தி, எல்லோரும் அண்ணாந்து பார்த்த பிறகு கம்பளத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது என் திட்டம். அங்கே ஐந்து சுமங்கலிகள் தாம்பாளத்தோடு நிற்பார்கள்.

மூங்கில் கழியில் புடவையைக் கட்டினோம். கீழ்முனையில் இன்னொரு கழி, காற்றில் சுருளாமல் இருக்க. பெண்ணின் தோழிகள் நாலு பேர் புடவையை ஏந்திப் பிடித்திருக்க, மெல்ல மேலே எடுத்தேன். அது ஒவ்வொரு முழமாக அவர்கள் கையை விட்டுப் போனது. மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்தாமலே தலையைத் தூக்கினார்கள்.

அந்தக் காட்சியை என்னால் இன்னும் நிதானமாகச் சொல்ல முடியவில்லை. வெறும் நீலம். அதில் அரக்குச் சிவப்பில் ஆறு மீட்டர் நீளத்துக்கு ஒரு கோடு. வெயில் பட்டதும் முந்தானையில் இருந்த அன்னப்பட்சிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பற்றிக்கொண்டன. கூட்டத்தில் ஒரு கிழவர், "அடடே, அம்மன் புடவை மாத்தறா மாதிரி இருக்குதே" என்றார். மில்லுக்காரர் சம்பந்தியின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிளந்திருந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஐம்பது மீட்டர். நிறுத்தினேன்.

"பாப்பா" என்றாள் அம்மா.

"கொக்கா?"

"பிளேன்."

"நிஜமாவா?"

"கொக்குக்குச் சக்கரம் இருக்குமாடி? பிளேன்! தென்னந்தோப்பு மேல! ஜல்தி இறக்கு!"

பார்த்தேன். வெள்ளையாக, குட்டியாக, இருக்க வேண்டிய உயரத்தைவிடத் தாழ்வாக, நேராக வந்துகொண்டிருந்தது. மேளச் சத்தத்தில் அதன் சத்தம் கேட்கவே இல்லை. இதற்கு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பரீட்சையில் எழுதி முழு மார்க் வாங்கியிருக்கிறேன்: ஆள் இருக்கும் விமானத்துக்கே வழி, ட்ரோனை உடனே, நேர்கீழாக இறக்கு. கட்டை விரலை இழுத்தால் போதும்.

"இறக்கு, இறக்கு!" என்று கத்திய அம்மா, அதே மூச்சில், "ஐயோ, சேத்துல இறக்காதடி!" என்றாள்.

நேர்கீழே சேடை ஓட்டிய கழனி. முகூர்த்தப் புடவை மணப்பெண் உடம்புக்குப் போகும் முன் தரையில் படக் கூடாது. எங்கள் ஊரில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதைவிட, நான் தறி வீட்டுப் பெண். நடக்கப் பழகிய நாளிலிருந்து எனக்குச் சொல்லப்பட்டது ஒன்றே ஒன்றுதான்: பட்டைக் கீழே போடாதே, பட்டில் தண்ணீர் படவிடாதே. சோற்றைக் கொட்டினால் ஒரு அடி. பட்டில் ஒரு சொட்டு சிந்தினால், அடியை எண்ணுவதில்லை. என் விரல் கீழே இழுக்கவில்லை. பக்கவாட்டில் தள்ளியது. உயரத்தைக் குறைக்காமலே ட்ரோனைக் கம்பளத்தின் பக்கம் நகர்த்தினேன், மெதுவாக, புடவை கசங்காமல்.

விமானம் இறக்கையைச் சாய்த்து, மூக்கைத் தூக்கி, எங்களுக்கு இடப்பக்கமாக வளைந்து மேலே போனது. உள்ளே இரண்டு தலைகள் தெரிந்தன. இரண்டும் புடவையைப் பார்த்துத் திரும்பின. அது கிளப்பிய காற்றில் புடவை ஒரு சுற்றுச் சுற்றி, பிரிந்து, மறுபடி நேரானது.

அதற்கப்புறம்தான் இறக்கினேன். கம்பளத்தில். ஒரு தூசி படவில்லை.

சுமங்கலிகள் புடவையைத் தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டார்கள். பிறகு கைத்தட்டல் கிளம்பியது. விசில். மேளக்காரர்கள் கெட்டிமேளமே கொட்டிவிட்டார்கள், ஐயர் ஓடிவந்து நிறுத்தினார். பெண் வீட்டார் முழுப் பேரும் விமானத்தையும் மில்லுக்காரர்தான் ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள்.

"சம்பந்தி, பிளேனே வரவெச்சுட்டீங்களே!"

மில்லுக்காரர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு மேல்துண்டைச் சரி செய்துகொண்டு, "நம்மால ஆனது" என்றார்.

நானும் சிரித்தேன். எல்லோரோடும் சேர்ந்து சிரித்து, இரண்டு ஜாங்கிரி தின்று, மணப்பெண்ணோடு போட்டோ எடுத்துக்கொண்டேன். வேனில் திரும்பி வரும்போதுதான் விமானத்துக்குள் தெரிந்த அந்த இரண்டு தலைகள் ஞாபகம் வந்தன. அம்மா என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சேவூர் தாண்டும் வரை விடவில்லை.

புடவையும் விமானமும் ஒரே படத்தில் விழுந்த மாதிரி யாரோ போட்டோ எடுத்திருந்தார்கள். மறுநாள் அது எல்லோர் போனிலும் இருந்தது. கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்கள் மேலே கை காட்டிச் சிரித்தார்கள். பட்டுக்கடைக்காரர் ஒருவர் அப்பாவிடம், "அந்த விமானப் புடவை மாதிரியே நாலு வேணும்" என்றார். அம்மா தறியில் இருந்தபடி, "விமானம் தனியா வாங்கிக்கச் சொல்லு" என்றாள். வீடே சிரித்தது.

மூன்றாம் நாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. விமான நிலையத்தில் விசாரணை. ட்ரோனின் பதிவு, சான்றிதழ், அன்று கூட இருந்த அப்சர்வர், மூன்றும் வர வேண்டும். சான்றிதழ் ரத்தாகலாம் என்றும் அந்தப் போலீஸ்காரர் சேர்த்துச் சொன்னார். குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. அவர் போனிலும் அந்தப் போட்டோ இருந்திருக்கும்.

ட்ரோன் தன் ஒவ்வொரு அசைவையும் நொடிக்கு நொடி எழுதி வைத்துக்கொள்ளும். நான் பதிவைத் திறந்து பார்த்தேன். அம்மா கத்தியதிலிருந்து விமானம் கடக்கும் வரை ஒன்பது நொடி. அந்த ஒன்பது நொடியும் என் உயரம் ஐம்பது மீட்டர். கோடு போட்ட மாதிரி ஐம்பது.

மில்லுக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். "இன்னாத்துக்கும்மா பேஜார்? ரிமோட் மாட்டிக்கிச்சு, கீழ இழுத்தா வரல, அவ்ளோதான். மெஷின் மேல பழியப் போடு. மெஷின் கோர்ட்டுக்கா வரப்போவுது?" என்றார்.

நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. சத்தியமாக. உயரம் மாறவில்லை என்பதுதான் பதிவில் இருக்கிறது. ஏன் மாறவில்லை என்று அது சொல்லாது. அன்று ராத்திரி படுத்துக்கொண்டு, "ரிமோட்ல லிவர் ஸ்டக் ஆயிடுச்சு மேடம்" என்று நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு விதம் நன்றாகவே அமைந்தது.

விசாரணை அறையில் மூன்று பேர். மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி அம்மா, நரைத்த முடியை இறுக்கி முடிந்திருந்தார். பக்கத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், மீசைக்காரர். அவருக்குப் பக்கத்தில் அன்று விமானத்தை ஓட்டிய மாணவர், என் வயதுதான் இருக்கும். நான் கண்ணாடிச் சட்டத்தோடு சான்றிதழை மேசையில் வைத்தேன். அதிகாரி அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"இது நீங்களா?"

"நான்தான் மேடம். அது குங்குமம்."

மீசைக்காரர் இருமுவதுபோல் சிரித்தார். மாணவரிடம் அன்று என்ன பார்த்தார் என்று கேட்டார்கள்.

"சிவப்புக் கொடின்னு நினைச்சேன் மேடம். கீழே ஏதோ ஆபத்து, இந்தப் பக்கம் வராதேன்னு யாரோ காட்டறாங்கன்னு நினைச்சுதான் மேலே தூக்கினேன்."

"நான் சொல்லிக்கொடுத்ததுல ஜரிகை வெச்ச கொடி எதுவும் கிடையாது" என்றார் மீசைக்காரர். பிறகு தானாகவே, அன்று இஞ்சின் நின்றால் எப்படி இறங்குவது என்று பழகிக்கொண்டிருந்ததாகவும், தாங்களும் இன்னும் உயரத்தில் திரும்பியிருக்க வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சோடு ரிமோட்டையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

அம்மா முந்திக்கொண்டாள்.

"மேடம், நான்தான் சேத்துல இறக்காதன்னு சொன்னேன்."

"விமானம் வருதுன்னு நீங்கதானே முதல்ல பார்த்தீங்க?"

"ஆமாங்க. இறக்குன்னும் நான்தான் சொன்னேன். இறக்காதன்னும் நான்தான் சொன்னேன். ரெண்டையும் ஒரே வாயிதான் சொல்லிச்சு, இன்னா பண்றது? பொண்ணு பேர்ல தப்பு இல்ல. அந்தக் கண்ணாடிப் படத்த அதுகிட்ட குடுத்துருங்க."

மீசைக்காரர் அம்மாவின் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். அதட்டவில்லை. "அம்மா, ட்ரோன் இடிச்சிருந்தா என்ன ஆகும்னு விட்டுடுங்க. இடிக்காம, அந்தப் புடவை மட்டும் எங்க முன்னாடி சுத்தற விசிறியில மாட்டியிருந்தா? துணி கிழிஞ்சு போயிடும்னு நினைக்கிறீங்களா?"

"கிழியாது சார்" என்றாள் அம்மா உடனே. "மூணு புரி முறுக்கின பட்டு. எங்க நூலு அவ்ளோ சுளுவா அறாது. கையால இழுத்துப் பாருங்க, கைதான் அறுபடும்..."

பாதியில் நிறுத்திவிட்டாள். தினமும் வாங்க வருகிறவர்களிடம் சொல்கிற வார்த்தைதான். அதையே இங்கே சொல்லும்போது அது எங்கே போய் முடிகிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாணவரைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். "சாமி" என்று மட்டும் சொன்னாள், யாரைக் கூப்பிட்டாள் என்று தெரியவில்லை.

எனக்கு நாலைந்து விதமாகப் பழகிய வாக்கியம் ஒரு விதத்திலும் வரவில்லை.

"அப்சர்வர் சொல்லலாம் மேடம். முடிவு பைலட்டோடது" என்றேன். "ரிமோட் சரியாத்தான் இருந்தது. என் விரல்தான் இழுக்கல. கீழே சேறு. கையில பட்டு. என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும், பரீட்சையில எழுதியிருக்கேன். ஒன்பது நொடி நான் புடவையைத்தான் காப்பாத்தினேன்."

அதிகாரி அம்மா பேனாவை மூடினார். மேசையில் இருந்த மணியைத் தட்டினார். கதவு திறந்து, கையில் ஸ்குரூ டிரைவர் பெட்டியோடு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"நீங்க போலாம், வேலை இல்லை" என்றார் அவரிடம். பிறகு என்னிடம்: "ரிமோட் கெட்டுப்போச்சுன்னு சொல்வீங்கன்னுதான் மெக்கானிக்கை உட்கார வெச்சிருந்தேன். எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க. சொல்லியிருந்தா இன்னிக்கே ரத்து பண்ண எழுதியிருப்பேன்."

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். ஏன் என்று இன்றுவரை சொல்லவில்லை.

தீர்ப்பு இது: மூன்று மாதம் நான் எதையும் பறக்கவிடக் கூடாது. அதற்கப்புறம் ஓட்டிக் காட்டும் பரீட்சைக்கு மறுபடி நிற்க வேண்டும். நடுவில் எந்த நேரத்திலும் பரீட்சை வைக்கிறவர் "விமானம்" என்பார். நேர்கீழே இறக்க வேண்டும், உடனே. இல்லாவிட்டால் சான்றிதழ் போய்விடும், போனதுதான். அதுவரை அது அவர்களிடமே இருக்கும்.

"கண்ணாடியோடவா மேடம்?" என்றாள் அம்மா.

"கண்ணாடியோடவே."

வீட்டுச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. மறுநாள் காலை அம்மா முருகனுக்குப் பொட்டு வைத்தாள், ரேணுகாம்பாளுக்கு வைத்தாள், ஆணிக்கும் வைத்தாள்.

அன்றே ஆரம்பித்துவிட்டாள். நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போது பின்னாலிருந்து ஒரு கத்தல்.

"பிளேன்!"

திரும்பிப் பார்த்தேன்.

"பாக்கற? இன்னாத்தப் பாக்கற? கீழ வெய்யிடி! அதுக்குள்ள நாலு பேர் செத்துட்டாங்க!"

இப்படி ஆரம்பித்த பைத்தியம் மூன்று மாதம் ஓடியது. கையில் எது இருந்தாலும், அம்மா "பிளேன்" என்றால் நின்ற இடத்தில் இறக்கிவிட வேண்டும். பக்கத்தில் நல்ல இடம் தேடக் கூடாது. இட்லித் தட்டை வாசற்படியில் இறக்கினேன். அப்பாவின் டீயைச் செருப்பு மேல் இறக்கினேன். பெருமாள் கோயில் பிரகாரத்தில் பொங்கலைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், பட்டாச்சாரியார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். மளிகைக் கடைக்காரர் மீதிச் சில்லறையைக் கையில் கொடுத்துவிட்டு "பிளேன்" என்பார். நான் கீழே போட்டுவிட்டுப் பொறுக்குவேன். அவருக்கு அன்றைய பொழுது இனித்துவிடும். அம்மா தறியில் இருந்தபடியே எண்ணுவாள். ஐந்து நொடி, நாலு, மூன்று. குடமும் தட்டும் எனக்கு வசமாகிவிட்டன. ஆனால் எது நடந்தாலும் பட்டைக் கையில் வைத்திருக்கும்போது அவள் கத்தியதில்லை. நானும் அதைக் கேட்கவில்லை.

பரீட்சைக்கு நாலு நாள் முன்பு. மழை பெய்து விட்டிருந்தது. அன்று காலை அறுத்த புடவையைக் கடைக்குக் கொண்டுபோக எடுத்துக்கொண்டு முற்றத்தைத் தாண்டுகிறேன். மயில் கழுத்து நிறம், பதினெட்டு நாள் வேலை. முற்றம் முழுக்கத் தண்ணீர். தறிச் சத்தம் நின்றது. எனக்கு முதுகில் புரிந்துவிட்டது.

"ம்மா, வேணாம்" என்றேன்.

"பிளேன்" என்றாள். கத்தவில்லை. குரல் உடைந்துதான் வந்தது.

விட்டுவிட்டேன். மயில் கழுத்து தண்ணீரில் விழுந்து, ஒரு கணம் மிதந்து, நனைந்து அடங்கியது.

அம்மா ஓடிவந்தாள். "அடிப்பாவி, நெஜமாவே போட்டுட்டியே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். புடவையை வாரி எடுத்தாள், பிழியலாமா கூடாதா என்று தெரியாமல் மார்போடு அணைத்துக்கொண்டாள், தண்ணீர் அவள் ஜாக்கெட்டெல்லாம் வழிந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்த்தேன். இரண்டும்.

"எத்தினி நொடி?" என்றாள்.

"நீதான எண்ணணும்?"

"நான் எங்க எண்றது, உசுரே போச்சு!"

அப்பா அறை வாசலில் நின்று எங்கள் இருவரையும் பார்த்தார். "ஒண்ணுகூட ஆவல" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் போன் செய்யப் போனார், புடவை இன்னும் பதினெட்டு நாள் ஆகும் என்று சொல்ல.

பரீட்சை ஒரு காய்ந்த மைதானத்தில் நடந்தது. உழுது போட்டு, அந்தப் பக்கம் மழையே எட்டிப் பார்க்காத மண், மாவு மாதிரி. பரீட்சை வைக்க வந்தவர் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட். எட்டு வடிவத்தில் ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். சதுரமாக ஓட்டச் சொன்னார், ஓட்டினேன். நன்றாக இருக்கிறது என்று தலையாட்டி, அட்டையில் குறித்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார். ட்ரோன் எங்களுக்கு முன்னால் பத்தடி தள்ளி, தென்னை உயரத்தில் நின்றிருந்தது. பேனா மையைச் சரிபார்ப்பதுபோல் உதறிவிட்டு, சாதாரணமாக, "விமானம்" என்றார்.

என் விரல் எனக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். ட்ரோன் நேர்கீழே வந்து நின்றது. அந்த மைதானத்தில் இருந்த மாவு மண் முழுவதும் எழுந்து எங்கள் மேல் உட்கார்ந்தது. ஒன்றும் தெரியவில்லை. எங்கேயோ பக்கத்தில் அவர் இருமிக்கொண்டிருந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்ற அம்மா, "நாலு! நாலு நொடிதான் சார்!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

தூசி அடங்க நேரமாயிற்று. அவர் சட்டை, பேண்ட், அட்டை எல்லாம் ஒரே நிறமாகியிருந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அட்டையைத் தட்டினார், மறுபடி இருமினார், பேனாவைத் தேடி எடுத்தார்.

"பாஸ்" என்றார். "தயவுசெஞ்சு இப்ப கிளப்பாதீங்க."